செய்திக்குக் காசு கட்ட ஆரம்பித்த கதை

கஜா புயல் கரையைக் கடந்த இரவு, 2018 நவம்பர் 15 விடிந்தால் 16, நான் சென்னையில் ஒரு செய்தித் தளத்தின் டெஸ்க்கில், அதாவது வரும் செய்திகளைச் சரிபார்த்து எழுதி வெளியிடும் இடத்தில், நைட் ஷிஃப்டில் இருந்தேன். சொந்த ஊர் மன்னார்குடி. அப்பா, அம்மா, பாட்டி மூன்று பேரும் அங்கே. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் ஏறிய காற்று திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று வரிசையாகப் புரட்டிப் போட்டுக்கொண்டு போனது. மூன்று மணிக்கு மேல் அப்பாவின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அதற்கப்புறம் இரண்டு நாள் அப்படியேதான்.

எங்கள் டெஸ்க்கில் சுவர் முழுக்க ஒரு திரை உண்டு. இந்த நிமிடம் எந்தச் செய்தியை எத்தனை பேர் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். காலை பத்தரை மணிக்குத் திரையின் உச்சியில் இருந்தது ஒரு நடிகையின் புகைப்படத் தொகுப்பு, அடுத்து ராசி பலன், அடுத்து தங்கம் விலை. டெல்டா செய்தி ஐந்தாவதோ ஆறாவதோ. ஷிஃப்ட் முடிந்தும் போகாமல் உட்கார்ந்திருந்த நான், புயல் செய்தியை முகப்பின் உச்சியிலேயே வைக்கலாம் என்று பொறுப்பில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, அவருக்கு மேலே ஒரு டார்கெட் இருந்தது. திரையைக் காட்டி, "நம்பர் வரலையேப்பா, யாரும் படிக்கலையே" என்றார்.

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. படிக்க வேண்டியவர்களுக்குக் கரண்ட் இல்லை, டவர் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் ஒரேயடியாக இணையத்தைவிட்டு வெளியே போய்விட்டார்கள், அதனால் எங்கள் திரையில் அவர்கள் இல்லவே இல்லை. துயரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு எண் சின்னதாகத் தெரிந்தது.

அந்த இரண்டு நாளில் வேதாரண்யம் பக்கத்து நிருபர் அண்ணனிடமிருந்தும் தகவல் இல்லை. மூன்றாம் நாள் மதியம் ஏதோ ஒரு புது நம்பரிலிருந்து அழைப்பு. பைக்கில் கிளம்பி, விழுந்து கிடந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி, சிக்னல் கிடைக்கிற இடத்தைத் தேடித் தஞ்சாவூர் பக்கம் வந்து, யாரிடமோ போனை வாங்கிப் பேசினார். "தம்பி, பேப்பர் எடுத்து எழுதிக்க, பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்னு தெரியல" என்று ஆரம்பித்து நாற்பது நிமிடம் சொன்னார். கோடியக்காடு, தோப்புத்துறை, ஆயக்காரன்புலம், கரியாப்பட்டினம். புஷ்பவனத்தில் கடல் சேற்றைக் கொண்டுவந்து ஊருக்குள் கொட்டியிருக்கிறது என்று சொல்லும்போது மட்டும் ஒரு நிமிடம் நிறுத்தினார். எந்த ஊரில் குடிதண்ணீர் இல்லை, எந்த முகாமில் அரிசி தீர்ந்துவிட்டது, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று எல்லாம் அவர் நோட்டில் இருந்தது. அவருக்குச் சம்பளம் கிடையாது. பிரசுரமாகும் ஒரு செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு, பெட்ரோல் அவர் காசு. அந்த நாற்பது நிமிடத்தை நான் நான்கு செய்திகளாக எழுதினேன், அந்த மாதம் அவர் கணக்கில் நான்கு செய்திக்கான காசு ஏறியது. ஒரு முழு டேங்க் பெட்ரோலுக்கு அது போதாது.

மன்னார்குடியில் அப்பாவுக்கு நாலாம் நாள்தான் பேப்பர் வந்திருக்கிறது. பஸ் ஓடாததால் ஏஜென்ட் எங்கிருந்தோ ஒரு டெம்போவில் கட்டைத் தூக்கி வந்து போட்டாராம். தெருவில் ஒரே பேப்பரைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் படித்தார்கள் என்று அம்மா சொன்னாள். மாதக் கடைசியில் வராத நாட்களுக்குக் காசைக் கழித்துக்கொள்ளச் சொன்ன பையனிடம் அப்பா முழுத்தொகையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். வேலை இல்லாத நாளிலும் அவனுக்குச் சாப்பாடு உண்டுதானே என்பது அவர் கணக்கு.

இவ்வளவையும் முன்னால் சொல்லக் காரணம், இணையத்தில் செய்திக்குக் காசு கொடுக்கலாமா வேண்டாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் திரைதான் ஞாபகத்துக்கு வருகிறது. விளம்பரத்தை மட்டும் நம்பி ஓடும் தளம், படிப்பவரின் தலையை எண்ணி ஓடும் தளம். ஆங்கிலப் பக்கத்துக்குக் கிடைக்கும் விளம்பரக் காசு தமிழ்ப் பக்கத்துக்குக் கிடைக்காது, அதனால் தமிழில் தலைகள் இன்னும் அதிகம் வேண்டும். கரண்ட் இல்லாத ஊருக்கும் போன் இல்லாத கிழவிக்கும் அந்தக் கணக்கில் இடம் இல்லை. அங்கே ஒருவரை அனுப்பி வைக்க வேண்டுமென்றால் வேறு எங்கிருந்தாவது காசு வந்தாக வேண்டும், வாசகரைத் தவிர எனக்கு வேறு யாரும் தோன்றவில்லை.

இப்படி நினைத்த நானே முதல் சந்தா கட்டியது 2021-இல்தான். அதற்கு முன் நடந்ததை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 2020 ஊரடங்கில் வார இதழ்களும் நாளிதழ்களும் பிடிஎஃப் ஆக வாட்ஸப்பிலும் டெலிகிராமிலும் சுற்றின இல்லையா? எங்கள் குடும்பக் குரூப்பில் அதைப் போடுவது நான்தான். காலையில் ஆறரைக்கு எல்லா இதழும் வரிசையாக வந்துவிடும், மாமா கைதட்டும் பொம்மை போடுவார். ஒரு நாள் என்னோடு டெஸ்க்கில் இருந்து பிறகு ஒரு வார இதழுக்குப் போன நண்பன் கூப்பிட்டான். அவன் அபார்ட்மென்ட் குரூப்பில் அவன் இதழின் பிடிஎஃப் வந்திருந்தது, பகிர்ந்தவர் எங்கள் மாமா. அவர்கள் இரண்டு பேரும் ஒரே குடியிருப்பு என்பது அப்போது என் ஞாபகத்தில் இல்லை. "அதுல பதினாலாம் பக்கம் என் கட்டுரை இருக்குடா, படிச்சியா?" என்று மட்டும் கேட்டான், கோபமே இல்லாமல். அடுத்த மாதம் அவனுக்கு வேலை போனது. பிடிஎஃப் பகிர்ந்ததால்தான் போனது என்று சொல்லமாட்டேன், அந்த வருடம் விளம்பரம் நின்றுபோய் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் ஆட்களைக் குறைத்தார்கள். ஆனால் அன்றைக்குக் குரூப்பில் நான் போட்ட எழுபதோ எண்பதோ இதழ்களையும் எண்ணிப் பார்த்தேன். அதோடு நிறுத்தினேன்.

சரி, காசு கட்ட ஆரம்பித்த கதைக்கு வருகிறேன். இதில் நான் பட்டதை அப்படியே சொன்னால் யாருக்காவது பயன்படும்.

முதலில் கட்டியது ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்கு. முதல் வருடம் மிக மலிவு என்று போட்டிருந்தார்கள், போனில் ஆப்பை இறக்கி அதற்குள்ளேயே யுபிஐ ஆட்டோபே, அதாவது கணக்கிலிருந்து தானாகவே காசு எடுத்துக்கொள்ளும் அனுமதி, போட்டுவிட்டேன். மூன்று மாதம் விழுந்து விழுந்து படித்தேன், அப்புறம் விட்டுப்போனது. இடம் அடைக்கிறது என்று ஆப்பை நீக்கினேன். ஆப்பை நீக்கினால் சந்தாவும் நின்றுவிடும் என்றே நினைத்திருந்தேன். நிற்காது. ஒரு வருடம் முடிந்ததும் முழு விலை, முதல் வருடத்தைப்போல ஐந்து மடங்குக்கும் மேல், கணக்கிலிருந்து போய்விட்டது. 24 மணி நேரத்துக்கு முன் எஸ்எம்எஸ் வந்திருக்கிறது, ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, கடன் வேண்டுமா பிளாட் வேண்டுமா என்று வரும் குப்பைகளுக்கு நடுவில் நான்தான் பார்க்கவில்லை. அந்தப் பத்திரிகையிடம் எழுதிக் கேட்டால், சந்தாவை ஆப் கடையில் எடுத்திருக்கிறீர்கள், அவர்களைக் கேளுங்கள் என்றார்கள். ஆப் கடையில் நாள் கடந்துவிட்டது என்றார்கள். காசு போனது போனதுதான்.

அதிலிருந்து நான் செய்வது இதுதான். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்று ஒரு இடம் இருக்கும், மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து பார்த்துவிடுகிறேன். யாருக்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறோம், எந்தத் தேதி, முக்கியமாக எவ்வளவு தொகை வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதில் இருக்கும். நீங்கள் மாதம் 99 ரூபாய் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், மேண்டேட்டில் உச்சவரம்பு அதைவிடப் பல மடங்கு பெரிதாக எழுதியிருக்கும், அதைப் பார்க்காமல் பின் நம்பரை அடிக்கக்கூடாது. அங்கேயே ரத்தும் செய்யலாம். பத்திரிகையின் தளத்தில் ரத்து பட்டனைத் தேடித் தேடி அலுத்துப்போனாலும் உங்கள் பணத்தின் சாவி உங்கள் போனிலேயே இருக்கிறது. வருடச் சந்தா கட்டினால் ஆட்டோபே இல்லாமல் ஒரே தடவை கட்டும் வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன். முடியும் நாளுக்குப் பத்து நாள் முன்னால் காலண்டரில் ஒரு நினைவூட்டல் போட்டுவைக்கிறேன்.

இன்னொன்று, ஆப் கடை வழியாக இல்லாமல் பத்திரிகையின் தளத்துக்கே போய்க் கட்டுங்கள். ஆப் வழியாகக் கட்டும் சந்தாவில் 15 சதவீதம், சில இடங்களில் 30 சதவீதம் கூகுளுக்கோ ஆப்பிளுக்கோ போய்விடும். யூடியூப்பில் மெம்பர்ஷிப் எடுத்தால் நூற்றுக்கு முப்பது யூடியூப்புக்கு. இதற்கெல்லாம் மேலே வரி வேறு. அச்சுப் பேப்பருக்கு ஜிஎஸ்டி கிடையாது, இணையச் சந்தாவுக்கு 18 சதவீதம். அதே நிருபர், அதே செய்தி, காகிதத்தில் வந்தால் வரி இல்லை, திரையில் வந்தால் வரி. இது அநியாயம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், தமிழில் சந்தா விலையைக் குறைவாக வைத்தே ஆக வேண்டிய இடத்தில் ஒவ்வொரு ரூபாயும் கணக்கு.

அப்புறம் எதற்குக் கட்டுவது என்ற கேள்வி. முதல் இரண்டு வருடம் கண்டபடி கட்டினேன், ஒரு கட்டத்தில் ஏழு சந்தா இருந்தது, இப்போது நான்கு. கட்டுவதற்கு முன் ஒரு மாதம் அந்தத் தளத்தை இலவசமாகத் தெரிகிற அளவுக்குப் படித்துவிட்டு சில விஷயங்களைப் பார்க்கிறேன். டெஸ்க்கில் இருந்தவன் என்பதால் என் கண் முதலில் போவது செய்திக்கு மேலே இருக்கும் பெயருக்கு. பெயர் இருக்கிறதா, ஊர் இருக்கிறதா, அந்த ஊருக்குப் போய் வந்தவர் எழுதிய மாதிரி இருக்கிறதா. போகாமல் எழுதிய செய்தியைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை, எல்லா மேற்கோளும் யாரோ ட்விட்டரில் போட்டதாக இருக்கும், ஒரு தெருவின் பெயர்கூட இருக்காது. நான் அப்படி எத்தனையோ எழுதியிருக்கிறேன், அதனால் தெரியும். அடுத்து, தப்பு செய்தால் திருத்தம் போடுகிறார்களா, இல்லை சத்தமில்லாமல் வரியை மாற்றிவிடுகிறார்களா. மூன்றாவது, காசு வாங்கிப் போட்ட கட்டுரைக்கு மேலே விளம்பரம் என்று தமிழில் தெளிவாக எழுதியிருக்கிறார்களா. தேர்தல் நேரத்தில் இதைப் பார்த்தால் போதும், ஒரு தளத்தின் ஜாதகமே தெரிந்துவிடும்.

விலை அதிகம் என்று தோன்றினால் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கட்டவேண்டிய கட்டாயமும் இல்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் எழும்பூர் கன்னிமாராவும் இருக்கின்றன, மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. நாளிதழ், பருவ இதழ் பகுதிக்கு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தால் ஒரு வாரத்தை முழுக்கப் படித்துவிடலாம். கையில் இருக்கும் காசை, நீங்கள் கட்டாவிட்டால் நின்றுபோகும் அளவுக்குச் சின்னதாக இருக்கும் இடத்துக்குக் கொடுங்கள். பெரிய ஆங்கிலப் பத்திரிகைக்கு என் 500 ரூபாய் ஒரு துளி. ஆறு பேர் சேர்ந்து நடத்தும் தளத்துக்கு அது ஒருவர் ஒரு ஊருக்குப் போய்வரும் பஸ் காசு.

பெரிய பத்திரிகைகளிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை. 2011 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் மாதம் 20 கட்டுரைக்கு மேல் படித்தால் காசு என்று சொன்னபோது, இலவசமாகக் கிடைப்பதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்டவர்கள் நிறையப் பேர். 2023-இல் அவர்கள் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டினார்கள். அதில் சமையல் குறிப்புக்கும் குறுக்கெழுத்து மாதிரியான புதிர்களுக்கும் கட்டுபவர்களும் சேர்த்தி. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு, எனக்குக் குறையாகப் படவில்லை. நம்முடைய வார இதழ்களும் இதைத்தானே செய்தன? தொடர்கதைக்காகவும் ஜோக்குக்காகவும் வாங்கிய இதழின் நடுவில்தான் அரசியல் கட்டுரை இருந்தது, எங்கள் பாட்டி தொடர்கதைக்குக் கொடுத்த காசு யாரோ ஒரு நிருபரின் ரயில் டிக்கெட்டாக ஆகியிருக்கும். இணையத்துக்கு வந்தபோது நாம் ஒவ்வொரு செய்தியையும் தனியாகப் பிய்த்துப் போட்டுவிட்டோம், ஒவ்வொன்றும் தனியாக நின்று தன் சோற்றைச் சம்பாதிக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டோம். புயல் செய்தி அப்படி நிற்க முடியாது.

எல்லாவற்றையும் பூட்டிவிடுவதிலும் எனக்குச் சம்மதம் இல்லை, இதை அழுத்திச் சொல்லவேண்டும். காசு கட்டியவருக்கு மட்டும் நல்ல செய்தி, மற்றவர்களுக்கு வாட்ஸப் வதந்தி என்று ஆனால் நாட்டுக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை. பத்திரிகைத் துறையை ஆராயும் ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் 2024 அறிக்கைப்படி, வசதியான 20 நாடுகளிலேயே நூற்றுக்கு 17 பேர்தான் இணையச் செய்திக்குக் காசு கொடுக்கிறார்கள், நார்வேயில் 40. அப்படியென்றால் கட்டாத பெரும்பான்மையை என்ன செய்வது? எனக்குப் பிடித்தது பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை வழி. பூட்டே இல்லை, முடிந்தவர் கொடுங்கள், எல்லாரும் படிக்கட்டும் என்கிறார்கள். இங்கே 2012-இல் ஆரம்பித்த நியூஸ்லாண்ட்ரி என்ற செய்தித் தளம் விளம்பரம் வாங்காமல் வாசகர் சந்தாவில் ஓடப் பார்க்கிறது, குறிப்பிட்ட ஒரு புலனாய்வுக்கு மட்டும் என்று தனியாகவும் பணம் கேட்கிறார்கள். நியூஸ் மினிட் என்ற இன்னொரு தளத்தோடு சேர்ந்து, கட்சிகளுக்கு நன்கொடை போன தேர்தல் பத்திரங்களை அவர்கள் தோண்டியபோது நானும் கொஞ்சம் அனுப்பினேன். எந்த வேலைக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது மனதுக்கு வேறு மாதிரி இருந்தது, ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுத்துவிட்டுத் தேர் நகர்வதைப் பார்க்கிற மாதிரி.

காசு கட்டுவதோடு நம் வேலை முடிவதில்லை என்பதை 2025 பிப்ரவரியில் பார்த்தேன். விகடன் தளம் திடீரென்று பலருக்குத் திறக்கவில்லை. விகடன் பிளஸ் என்ற அவர்களின் டிஜிட்டல் இதழில், பிரதமர் மோடி கைவிலங்கோடு டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு கார்ட்டூன் வந்தது, அதையொட்டி மத்திய அரசு தளத்தையே முடக்கியது. ஒரு கார்ட்டூனுக்காக 1926-இல் ஆரம்பித்த ஒரு பத்திரிகையின் மொத்தத் தளமும். மார்ச் 6-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் முடக்கத்தை நீக்க வேண்டும் என்று உத்தரவிட்ட பிறகுதான் வழி பிறந்தது. அச்சில் வந்த இதழை வீட்டுக்கு வீடு போய்ப் பிடுங்க முடியாது. இணையத்தில் ஒரு உத்தரவு போதும், பழைய கட்டுரைகள் உட்பட எல்லாம் கண்ணுக்கு மறைந்துவிடும். அதற்கப்புறம் எனக்கு முக்கியம் என்று படும் கட்டுரைகளை நான் பிடிஎஃப் ஆகச் சேமித்துவைக்கிறேன், என் படிப்புக்கு மட்டும், யாருக்கும் அனுப்புவதில்லை. அந்த மூன்று வாரத்தில் சிலர் சந்தாவை நிறுத்தினார்கள் என்று கேள்விப்பட்டபோது வருத்தமாக இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில்தான் பத்திரிகைக்குச் சந்தா தேவை.

இனிமேல் என்ன ஆகும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு ஜோசியம் தெரியாது, கண்ணுக்கு முன் நடப்பதை மட்டும் சொல்கிறேன். நான் டெஸ்க்கில் இருந்தபோது வாசகரைக் கொண்டுவந்தவை கூகுளும் ஃபேஸ்புக்கும்தான், அவை குழாயை மூடினால் நாங்கள் காய்ந்துபோவோம். கனடாவில் செய்தி நிறுவனங்களுக்குக் காசு கொடுக்கச் சொல்லிச் சட்டம் வந்ததும், 2023 ஆகஸ்டில் மெட்டா அங்கே ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தியையே எடுத்துவிட்டது. இப்போது கூகுளில் தேடினால் மேலேயே ஏஐ பதிலைச் சுருக்கிக் கொடுத்துவிடுகிறது, இந்தியாவில் 2024-இலிருந்து இது இருக்கிறது. கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டால் தளத்துக்குள் யார் வருவார்கள்? வராவிட்டால் விளம்பரம் ஏது? தங்கள் கட்டுரைகளைக் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்தினார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் 2023 டிசம்பரில் சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ, மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டது, 2024 நவம்பரில் இங்கே ஏஎன்ஐ செய்தி நிறுவனமும் ஓப்பன்ஏஐ மேல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்புகள் எப்படி வந்தாலும் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஏஐ சுருக்குவதற்கு முதலில் ஒருவர் எழுதியிருக்க வேண்டும், எழுதுவதற்கு ஒருவர் ஆயக்காரன்புலம் வரைக்கும் போயிருக்க வேண்டும்.

தமிழில் இன்னொரு மாற்றம் யூடியூப். வேலை போன, வேலையை விட்ட பத்திரிகையாளர்கள் பலர் சேனல் வைத்திருக்கிறார்கள், வீடியோவுக்குக் கீழே ஜிபே நம்பர் இருக்கும். இரண்டு பேருக்கு நானும் அனுப்புகிறேன். ஆனால் தனியாள் சேனலுக்குப் பின்னால் டெஸ்க் இருக்காது, சொன்னதைச் சரிபார்க்க இன்னொரு கண் இருக்காது, வழக்கு வந்தால் வக்கீல் இருக்கமாட்டார். சத்தமாகப் பேசினால்தான் பார்வை வரும் என்ற அதே திரை அங்கேயும் இருக்கிறது, சுவரில் இருந்தது இப்போது அவர் கையில் இருக்கும் போனுக்குள் இருக்கிறது. பிடித்தவருக்குக் கொடுங்கள், அவர் எப்போதாவது ஒரு தப்பை ஒப்புக்கொண்டு திருத்தியிருக்கிறாரா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அப்பாவுக்கு வருகிறேன். போன வருடம் கண் ஆபரேஷனுக்குப் பிறகு பேப்பரின் சின்ன எழுத்தைப் படிக்க அவருக்குச் சிரமமாகிவிட்டது. ஒரு டேப்லெட் வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கி, என் சந்தாவில் இரண்டை அதில் போட்டுக்கொடுத்தேன். முதலில் எடுத்த எடுப்பில் மறுத்தார். "பேப்பர்னா மாசக் கடைசியில எடைக்காவது போடலாம், இதுக்குக் காசு கொடுத்து கையில என்னடா மிச்சம்?" நியாயமான கேள்விதான், நாற்பது வருடம் மாதாமாதம் பழைய பேப்பர்க்காரரிடம் தராசைச் சரிபார்த்து வாங்கியவர் அவர். நான் வாதம் பண்ணவில்லை. டேப்லெட்டை ஊஞ்சலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன், பேப்பரையும் நிறுத்தவில்லை.

இந்த முறை ஊருக்குப் போயிருந்தபோது சாயங்காலம் அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து, விரலால் மெதுவாகத் தள்ளித் தள்ளி ஏதோ படித்துக்கொண்டிருந்தார். அகஸ்தியம்பள்ளி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நீண்ட கட்டுரை. மழை முன்கூட்டியே வந்தால் அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், காலில் வெடிப்புக்கு என்ன தடவுகிறார்கள், பெண்களுக்கு என்ன கூலி என்றெல்லாம் இருந்தது. படித்து முடித்ததும் மேலே தள்ளிப்போய் எழுதியவர் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நீ வருஷத்துக்குக் கட்டுறியே, அதுல இந்தப் பையனுக்கு எவ்வளவு போகும்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். எந்தத் தளமும் அதைச் சந்தாதாரருக்குச் சொல்வதில்லை என்றேன். "கேட்டா சொல்லமாட்டானா?" என்றார். ஏழு சந்தா கட்டி, நான்காகக் குறைத்து, மேண்டேட்டும் ஜிஎஸ்டியும் பார்த்த எனக்கு இந்த ஒரு கேள்வி இதுவரை தோன்றவே இல்லை, டெஸ்க்கில் அந்த நாலு செய்திக்கான கணக்கைக் கண்ணால் பார்த்தவன் நான்.

அன்றைக்கு ராத்திரியே அந்தத் தளத்தின் ஆசிரியருக்கு மெயில் எழுதினோம். அப்பா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். சந்தாப் பணத்தில் எத்தனை பங்கு வெளியூர் நிருபர்களுக்குப் போகிறது, செய்திக்கு இவ்வளவு என்று கொடுக்கிறீர்களா மாதச் சம்பளமா, பெட்ரோல் காசு தனியாகக் கொடுக்கிறீர்களா என்று மூன்று கேள்வி. கீழே தன் பெயரையும், ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர், மன்னார்குடி என்றும் போடச் சொன்னார். அனுப்பிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன், தினமும் சாயங்காலம் போன் செய்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் மெயில் வந்ததா என்றுதான் கேட்கிறார்.